விமலாவின் சாவுக்கு யார் வழக்குப் போட்டார்கள்?

கே. பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' படத்தைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் இரண்டு செய்திகளில் ஒன்றாவது வந்துவிடும். சுந்தர்ராஜன் என்ற நடிகர் 'மேஜர்' சுந்தர்ராஜன் ஆனது இந்தக் கதையால்தான் என்பது ஒன்று. 1975இல் சிவாஜிராவ் என்ற புதுமுகத்துக்குப் பாலசந்தர் வைத்த 'ரஜினிகாந்த்' என்ற பெயர் இந்தக் கதையில் வரும் ஒரு பாத்திரத்தினுடையது என்பது இன்னொன்று. அந்தப் பாத்திரம் கதையில் என்ன செய்தது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு பெண்ணைக் காதலித்துக் கைவிட்டவன் அவன். அவள் உயிரை விட்டாள். அவள் பெயர் விமலா. அந்தப் பெயர் யார் நினைவிலும் ஒட்டவில்லை.

படம் வந்தது 1966இல், ஏவிஎம் தயாரிப்பு. அதற்கு முன்பே மேடையில் பெயரெடுத்த நாடகம். சென்னை ஏஜி ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் பாலசந்தர் முதலில் ஆங்கிலத்தில் எழுதி, பிறகு தமிழுக்குக் கொண்டுவந்தது. தமிழ்ப் படத்துக்கு முந்தியே இந்தியில் அசோக் குமார் நடித்து 'ஊஞ்சே லோக்' என்று 1965இல் வந்துவிட்டது. 'உயர்ந்தவர்கள்' என்று பொருள். அந்தத் தலைப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. மோகன் ஒரு தையல்காரர். நாகேஷ் நடித்திருப்பார். தங்கை விமலாவை வளர்த்து ஆளாக்கி, ஊர் மெச்சக் கல்யாணம் செய்து வைக்கவேண்டும் என்ற ஒரே கனவோடு வாழ்கிறவர். விமலாவாக ஜெயலலிதா. அவளைக் காதலித்துக் கைவிடுகிறான் ரஜினிகாந்த் (ஏவிஎம் ராஜன்). அவள் தற்கொலை செய்துகொள்கிறாள். மோகன் அவனைக் கொன்றுவிட்டு ஓடி, ஒளிய இடம் தேடி ஒரு வீட்டுக்குள் நுழைகிறார். அது ஓய்வுபெற்ற ராணுவ மேஜர் சந்திரகாந்தின் வீடு. மேஜருக்குக் கண் தெரியாது. நேர்மைக்குப் பேர்போனவர். மோகனின் கதையைக் கேட்டு மனமிரங்கி அடைக்கலம் தருகிறார். செத்தவன் தன்னுடைய இளைய மகன் என்பது அவருக்குத் தெரியாது. கொலையாளியைத் தேடி அலையும் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஸ்ரீகாந்த் (முத்துராமன்), மேஜரின் மூத்த மகன்.

யார் கொலை செய்தார்கள் என்பது இந்தக் கதையில் மர்மமே இல்லை. பார்க்கிற நமக்கு எல்லாம் தெரியும். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவருக்குத்தான் தெரியாது. மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பார்வையாளனுக்குத் தெரிந்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால்தான் பதைப்பு வரும் என்று ஹிட்ச்காக் சொன்ன கணக்கு இது. மேடைக்கு ஏற்ற கணக்கும்கூட. ஒரு கூடம், ஒரு வாசற்கதவு, உள்ளே ஒளிந்திருக்கும் ஒருவன், வெளியே தட்டும் போலீஸ். செலவில்லாத செட். 'நாணல்' என்ற இன்னொரு நாடகமும் 1965இல் இதே பாலசந்தர் கையால் படமானது. அதிலும் சிறையிலிருந்து தப்பியவர்கள் ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் புகுந்துகொள்வார்கள். அந்தக் காலத்துச் சபா நாடகக்காரர்களுக்கு நடுத்தர வர்க்கத்து வீட்டுக் கூடம்தான் உலகம். வெளியிலிருந்து ஒருவன் உள்ளே வந்தால்தான் கதையே தொடங்கும்.

இந்தப் படத்தை நாங்கள் ஒரு காலனியில் திரையிட்டோம். மாலை வகுப்பு நடக்கும் கட்டிடத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரில். மாதத்துக்கு ஒரு படம் போட்டுவிட்டுப் பேசுவது எங்கள் வழக்கம். பெரும்பாலும் புதுப் படங்கள்தான் கேட்பார்கள். 'பரியேறும் பெருமா'ளுக்கும் 'ஜெய் பீ'முக்கும் இடம் போதாமல் தெருவில் நின்று பார்த்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம் என்றதும் பையன்கள் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தோம். போகவில்லை. நாகேஷ் அழுதபோது ஒரு சத்தம் இல்லை. சிரிக்க வைப்பதற்கென்றே திரைக்கு வந்த முகம் என்று நினைத்திருந்த ஒரு மனிதர் இப்படி உடைந்துபோவதைப் பார்க்க அவர்கள் தயாராக இருக்கவில்லை. மேஜருக்கு உண்மை தெரியவரும் இடத்தில் "பெருசு என்ன பண்ணப்போவுதோ" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அறுபது வருஷப் படம் இன்றும் வேலை செய்கிறது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

படம் முடிந்ததும் ஞாயம் பேசத் தொடங்கினார்கள். கொன்றது சரியா, அடைக்கலம் கொடுத்த மேஜரைக் கைது செய்தது சரியா, பெற்ற அப்பனை மகனே பிடித்துக்கொண்டு போகலாமா. பட்டிமன்றம் மாதிரி இரண்டு கட்சி. அப்போது நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மா, அதுவரை வாயே திறக்காதவர், கேட்டார்:

"ஏம்மா, அந்தப் புள்ள செத்துச்சே, அதுக்குக் கேசு எதுவும் கெடையாதா?"

யாரிடமும் பதில் இல்லை. நாங்களும் இந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறோம், மாணவர்களாக இருந்தபோது கட்டுரைகூட எழுதியிருக்கிறோம். இந்தக் கேள்வியை எந்த விமர்சனத்திலும் படித்ததில்லை. படத்தில் துரத்தல் எப்போது தொடங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். ரஜினிகாந்த் செத்த பிறகு. ஒரு தையல்காரரின் தங்கை செத்தது, ஒரு மனிதனைக் கொலைகாரனாக்கிய காரணம் மட்டும்தான். மேஜரின் மகன் செத்தது சம்பவம். சம்பவத்துக்குத்தான் இன்ஸ்பெக்டர் வருவார், ஜீப் வரும், கதவு தட்டப்படும், நமக்கு நெஞ்சு படபடக்கும். காரணத்துக்கு அழுகை மட்டும் போதும்.

படத்தில் யாருடைய சாதியும் சொல்லப்படவில்லை. நாங்களும் தையல்காரர் மோகனுக்கு ஒரு சாதியை ஒட்டவைக்கப் போவதில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டை எங்களுக்கு நன்றாகத் தெரியும். தருமபுரி மாவட்டத்தில் காலனிப் பெண் ஒருத்தி இப்படிச் செத்தால் காகிதத்தில் என்ன ஏறும் என்று எங்களோடு வேலை பார்க்கும் புதுப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். 'தீராத வயிற்றுவலி.' சந்தேக மரணம் என்று பழைய 174, இப்போது புதுச் சட்டத்தில் 194. பிணக்கூறாய்வு, உடல் ஒப்படைப்பு, முடிந்தது. வயிற்றுவலிக்கு அந்தப் பெண் எந்த ஆஸ்பத்திரியில் எப்போது காட்டினாள் என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள் கூடப் போன ஒரு மரணத்தில், பெண்ணின் அண்ணன் புகாரில் பையனின் பெயரை எழுதிக் கொடுத்தார். "பேரை எடுத்துட்டு எழுதிட்டு வாப்பா, உன் தங்கச்சி மானம்தான் போவும்" என்று திருப்பி அனுப்பினார்கள். எந்த நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. மூன்றாவது முறை போனபோதுதான் மனு ஏற்புச் சீட்டு கிடைத்தது. அந்த அண்ணனும் ஒரு கடையில் தையல் வேலை பார்ப்பவர். இதை நாங்கள் சேர்த்துச் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது. அவர் யாரையும் கொல்லவில்லை. கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

1966இல் விமலாவின் அண்ணன் எந்தச் சட்டத்தோடு நிலையத்துக்குப் போயிருக்க முடியும் என்று சிலர் கேட்கலாம். தற்கொலைக்குத் தூண்டியதற்கு 306 அப்போதும் இருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல்தான் வந்தது. கல்யாணம் செய்துகொள்வதாகப் பொய் சொல்லி உறவு கொள்வதைத் தனிக் குற்றமாக்கிய 69ஆவது பிரிவு 2024 ஜூலை 1 முதல்தான் நடைமுறையில் இருக்கிறது. சட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எங்கள் அனுபவத்தில் தடங்கல் சட்டத்தில் தொடங்குவதில்லை. எந்தச் சாவு சம்பவம், எந்தச் சாவு வெறும் காரணம் என்று பிரிக்கும் இடத்தில் தொடங்குகிறது. அந்தப் பிரிப்பு எழுத்தரின் மேசைக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

எங்கள் மாவட்டத்திலேயே இதற்குப் பெரிய சாட்சி வாச்சாத்தி. சித்தேரி மலையடிவாரத்தில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் கிராமம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானார்கள். அதன்பிறகு நடந்ததை அந்தக் காலனி அம்மாவின் கேள்வியோடு வைத்துப் பாருங்கள். கட்டை காணோம் என்ற வழக்கு உடனே பாய்ந்தது. பெண்களும் குழந்தைகளும் உள்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைதாகிச் சேலம் சிறைக்குப் போனார்கள். வல்லுறவுக்கு ஆளான பெண்கள் சந்தனக்கட்டை வழக்கில் குற்றவாளிகள். அவர்களுக்கு நடந்ததற்கு வழக்கு வர, மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் தெருவுக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டியிருந்தது. 1995இல் உயர் நீதிமன்றம் சொல்லி விசாரணை சிபிஐ கைக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29 அன்று. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள், அதில் 17 பேர் வல்லுறவுக் குற்றத்துக்காக. மேல்முறையீடுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023இல், அதே செப்டம்பர் 29. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் என்றும், அப்போதைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

யார் செய்தது என்பது 1992 ஜூன் மாதமே அந்த ஊருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். மேஜர் வீட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பார்வையாளர்களைப் போல நாங்கள் எல்லாரும் உண்மை தெரிந்தே உட்கார்ந்திருந்தோம். தெரியாதது அரசுக்கு மட்டும்தான். சினிமாவில் இந்த நிலைமை இரண்டரை மணி நேரத்தில் முடியும். இங்கே 31 வருஷம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். விமலாவாக நடித்தவர்தான் 1992 ஜூனில் இந்த மாநிலத்தின் முதலமைச்சர்.

இனி அந்த 'உயர்ந்தவர்கள்' விஷயத்துக்கு வருகிறோம். படத்தின் மொத்த நம்பிக்கையும் இரண்டு மனிதர்களின் மேல் நிற்கிறது. மகனைக் கொன்றவன் என்று தெரிந்த பிறகும் நியாயத்தை விடாத அப்பா. அப்பாவாகவே இருந்தாலும் கைது செய்யும் மகன். பார்த்துவிட்டுக் கைதட்டுகிறோம். ஆனால் செத்தவனின் சொந்த அண்ணன் எப்படி அந்த வழக்கின் விசாரணை அதிகாரியாக இருக்கலாம் என்று படத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஸ்ரீகாந்த் உத்தமன், அதனால் பரவாயில்லை. காலனியில் ஒரு கல்லூரி மாணவி இதைப் பிடித்துக்கொண்டாள். "அவரு நல்லவரா இருந்ததால தப்பிச்சோம். இல்லன்னா மோகன் கோர்ட்டுக்கே போயிருக்க மாட்டாரு, வழியிலேயே முடிச்சிருப்பாங்க" என்றாள்.

நாங்கள் நாள்தோறும் மோதிக்கொண்டிருக்கும் சுவர் இதுதான். ஊரில் யாருக்கு யார் மாமன், யாருக்கு யார் பங்காளி என்பது நிலையத்துக்குள்ளும் தொடர்கிறது. வன்கொடுமைச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் ஏழாவது விதி, டிஎஸ்பி தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும் என்கிறது. அதோடு நிற்காமல் அவருடைய அனுபவத்தையும் நியாய உணர்வையும் பார்த்து நியமிக்கச் சொல்கிறது. நியாய உணர்வு! ஒரு ஸ்ரீகாந்தைத் தேடிப்பிடித்துப் போடுங்கள் என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். நாங்கள் அந்த வரியை நம்பி உட்காருவதில்லை. அதே சட்டத்தில் இருக்கும் வேறு வரிகளைத்தான் எடுத்துக்கொண்டு போகிறோம். கடமையைச் செய்யாத அதிகாரி மீது 4ஆவது பிரிவு. வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் தகவல் பெறவும் பேசவும் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை தரும் 15அ. அறுபது நாளுக்குள் குற்றப்பத்திரிகை. நல்லவர் வந்தால் மகிழ்ச்சி. கெட்டவர் வந்தாலும் எழுத வேண்டியதை எழுத வைக்க வேண்டும். உயர்ந்த மனிதர்கள் மேல் நாடகக்காரர்களுக்கு இருக்கும் மயக்கம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

அடைக்கலம் என்பதையும் அன்றிரவு பேசினோம். இது எங்களுக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கும் விஷயம். படத்தில் ஒளிந்திருப்பவன் கொலை செய்தவன். எங்கள் பக்கம் ஒளிந்திருப்பவர்கள் யாரையும் கொன்றவர்கள் இல்லை, கல்யாணம் செய்துகொண்டவர்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்த ஜோடி யாரோ ஒருவர் வீட்டு உள்ளறையில் இருப்பார்கள். போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். வாசலில் பைக் சத்தம் கேட்டால் விளக்கை அணைப்பார்கள். கதவு தட்டப்படும்போது வந்திருப்பது போலீசா, சொந்தக்காரர்களா, இரண்டும் சேர்ந்தா என்று தெரியாது. இந்தப் பதைப்பை நாங்கள் பார்த்திருக்கிறோம். இந்த மாதிரி ஜோடிகளுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டுதான் இன்னமும் தெரிந்தவர்கள் வீட்டுத் திண்ணைகளைத் தேடுகிறோம்.

2012 நவம்பர் 7 அன்று ஒரு கல்யாணத்துக்காக நத்தம், அண்ணா நகர், கொண்டாம்பட்டி காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று இளவரசன் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தான். அதற்குமேல் எங்கள் மாவட்டத்து வாசகர்களுக்கு நாங்கள் சொல்ல ஒன்றுமில்லை. அன்று படம் பார்த்த பையன்களில் நாலைந்து பேர் அப்போது நத்தத்தில் உறவினர் வீடுகளுக்குப் போய்ப் பாத்திரம் பண்டம் பொறுக்கியெடுக்க உதவிய சிறுவர்கள். மேஜர் அடைக்கலம் கொடுத்ததற்காகக் கைதாவதைப் பார்த்து அவர்களில் ஒருவன், "அவரை அரெஸ்ட்தான் பண்ணாங்க, வீட்டக் கொளுத்தலியே" என்றான். சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

படம் மோசமான படம் என்று இதற்கெல்லாம் அர்த்தமில்லை. ஒரு தையல்காரனை நடுக்கூடத்தில் உட்காரவைத்து அவன் துயரத்தை ஒரு மேஜரைக் கேட்கவைத்த கதை அது. அந்தக் காலத்துச் சபாவில் அது சின்ன விஷயமில்லை. கண் தெரியாதவருக்குத்தான் மோகனின் உடையும் தோற்றமும் தெரியாது, குரலும் கதையும் மட்டும் கேட்கும் என்று பாலசந்தர் யோசித்திருந்தால் அது நல்ல யோசனைதான். எங்களுக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் கூடத்துக்குள் வருவதற்கு மோகன் ஒரு கொலை செய்ய வேண்டியிருந்தது. விமலா உள்ளே வரவேயில்லை.

அந்த வாரமே பையன்களும் பெண்களுமாக எட்டுப் பேர் இதை வீதி நாடகமாகப் போடலாம் என்று வந்தார்கள். கதையை மாற்றிவிட்டார்கள். மோகன் யாரையும் கொல்வதில்லை. முதல் காட்சியிலேயே தங்கையின் சாவுக்குப் புகார் எழுதிக்கொண்டு நிலையத்துக்குப் போகிறார். முழு நாடகமும் அந்த நிலையத்து வாசலில்தான். எழுதி வாங்குவார்களா மாட்டார்களா என்பதுதான் பதைப்பு. ஒத்திகையில் முதலில் ஒரு சிக்கல் வந்தது. எழுத்தராக நடிக்கும் பையன் மிகவும் நன்றாக நடித்தான். சாக்குப்போக்குகளை எங்கிருந்தோ எடுத்து எடுத்துப் போட்டான். கணினி வேலை செய்யவில்லை, ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், எல்லை அந்த நிலையம், நாளைக்கு வா. மோகனாக நடிக்கும் பெண்ணுக்குப் பதில் வரவில்லை. ஆம், பெண்தான் மோகன், தேர்வு அவர்களுடையது. அவளுக்கு எந்தச் சாக்குக்கு எந்தப் பிரிவு என்று நாங்கள் எழுதிக்கொடுத்தோம். எந்த எல்லையாக இருந்தாலும் புகாரைப் பதிந்துவிட்டு மாற்றி அனுப்ப வேண்டும் என்பது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த இடத்தில் குரலை உயர்த்துகிறாள்.

மேஜர் வேடத்துக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டோம். வேண்டாம் என்றார்கள். விமலாவுக்கு ஒரு காட்சி வைத்திருக்கிறார்கள், உயிரோடு, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைப்பது போல. அதில் அவள் என்ன பேச வேண்டும் என்று இன்னும் முடிவாகவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஒத்திகை.